திங்கட்கிழமை மாகறலில் இருந்தவர்கள்

அந்த வாக்கியத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிப்பேன். 'சம்பவம் நடந்ததாகக் கூறப்படும் திங்கட்கிழமையன்று மனுதாரர் தம் குடும்பத்தாருடன் மாகறல் கோயிலுக்குச் சென்று, சாமி தரிசனம் செய்து, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில்தான் ஊர் திரும்பினார்.' பெயரும் தகப்பனார் பெயரும் தேதியும் மட்டும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஆடு திருடியவரும் மாகறல், சாராயம் காய்ச்சியவரும் மாகறல், பங்காளியின் மண்டையை உடைத்தவரும் மாகறல். உத்திரமேரூர் வட்டாரத்தில் எங்கே என்ன குற்றம் நடந்தாலும் சம்பந்தப்பட்ட ஆள் அந்த நேரத்தில் மாகறலில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அத்தனை பேரும் நிஜமாகவே போயிருந்தால் செய்யாற்று மணலில் நிற்க இடம் இருந்திருக்காது.

எழுபதுகளின் கடைசி அது. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வரன் அமையும் வரை சும்மா இருக்கப் பிடிக்காமல், கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்குப் போகும் வழியில் அவருடைய ஆபீஸ். முன்னறையில் நானும் மிஷினும், உள்ளறையில் அவரும் வெற்றிலைப் பெட்டியும். கேஸ் இல்லாத நாளிலும் கறுப்புக் கோட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பார். கெட்ட மனிதர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கி அனுப்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். முழு அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஏன் எல்லாருக்கும் மாகறல் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். பாடம் நடத்துகிற சந்தோஷத்தோடு பதில் சொன்னார்.

"இந்தாம்மா, பக்கத்து ஊர்னு சொன்னா ஏட்டு சைக்கிள எடுத்துக்கினு போய் விசாரிச்சிட்டு வந்துடுவாரு. திருப்பதின்னு சொன்னா பஸ் டிக்கெட் எங்கன்னு கேப்பாங்க. மாகறல்தான் அளவான தூரம். ஆத்துக்கு அந்தாண்ட. கை கால் வலின்னு திங்கட்கிழமைக்கு நாலு ஊரு ஜனம் வரும். யாரு வந்தாங்க, யாரு வரலன்னு எவன் சொல்லுவான்?"

வேறு கிழமையில் குற்றம் செய்கிறவர்களால் எனக்குத்தான் பேஜார். பிரதோஷமா, கிருத்திகையா என்று காலண்டரைப் புரட்டி ஒரு விசேஷத்தைக் கண்டுபிடித்து அடிக்க வேண்டும். திங்கட்கிழமையில் திருடுகிறவர் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியமே இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. மூன்று பிரதி, கார்பன் நகராமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்ததா என்பதுதான் என் கவலை.

கூண்டில் ஏறி அந்த வாக்கியத்துக்கு உயிர் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். கோர்ட் எதிரில் டீக்கடை பெஞ்சில்தான் காலை முதல் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வருவார். மாகறல் கோயில் வாசலில் தேங்காய் விற்பதாகச் சத்தியம் செய்து சொல்வார். அவர் தேங்காய் வாங்கியதையே நான் பார்த்ததில்லை, விற்பது இருக்கட்டும். நாங்கள் அவரைத் தேங்காய்க்காரர் என்றே கூப்பிட்டோம். மாஜிஸ்திரேட்டுகள் அடிக்கடி மாற்றலாகிப் போனதால் இந்த நாடகம் தடையில்லாமல் நடந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் வக்கீலின் புளுகு எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் சொல்ல வந்த சமயத்தில் இருந்த மாஜிஸ்திரேட் மாற்றலாகாமல் நிலைத்துவிட்டார். மாகறல் என்ற பேரைக் கேட்டாலே பேனாவைக் கீழே வைக்கிற அளவுக்கு அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு கட்சிக்காரர் வந்தார். பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியிலிருந்து வந்தவர். அந்த ஊர் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடுவது, வாய்க்காலில் எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து விடுவது, கரையில் ஓட்டை விழுந்தால் அடைப்பது எல்லாம் அவர் வேலை. அவருடைய அப்பா, அவருக்கு அப்பா எல்லாரும் அதையே செய்தவர்கள். அறுவடையின்போது களத்தில் அவர் பங்கை நெல்லாக அளந்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னால் நிலம் வைத்திருப்பவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த மரியாதை ஒன்றுதான் அவர் சொத்து.

அந்த ஊரில் ஒருவருடைய பம்புசெட் கொட்டகையின் பூட்டை யாரோ ஒரு திங்கட்கிழமை பட்டப்பகலில் உடைத்து, மோட்டாரிலிருந்த செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். வாய்க்கால் ஓரமாக எப்போதும் திரிகிற ஆள் யார்? நீர்க்கட்டிதான். அவரைப் பார்த்த மாதிரி இருந்தது என்று பண்ணையாள் ஒருவன் சொல்ல, கேஸ் ஆகிவிட்டது. ஜாமீன் மனுவுக்காக அவருடைய மனைவியின் தம்பி எங்கள் ஆபீஸுக்கு வந்தான். ஜாமீனில் வெளியே வந்தபிறகு இவரே வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

என் மேஜை முன்னால் வந்து நின்றார். தலையில் அரை விரல்கூட முடி வளரவில்லை. என் அப்பா வயது. ஆனால் எங்கள் வீட்டுப் பழக்கப்படி அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அதில் ஏதும் தப்பு இருப்பதாக அன்று எனக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கு நீ எங்கய்யா இருந்த?"

"மாகறல்லம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் இன்னும் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தலையைக்கூட மழித்துவிட்டிருக்கிறார்களே, தொழில் முன்னேறிவிட்டது என்றும் நினைத்தேன்.

"உனக்கும் மாகறல்தானா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நிதானமாகச் சொன்னார். "போன வருசம் மதகுல காலு மாட்டிக்கினு ஆறு மாசம் நடக்க முடியல. வேற ஆள வெச்சி தண்ணி வுட்டாங்க. காலு நேராயி மறுபடியும் கரை மேல நடந்தேன்னா முடி தரேன்னு வேண்டிக்கினேன். அதான் போய்க் குடுத்துட்டு வந்தேன். பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாந்தான் வந்தாங்க." இடுப்பு மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய சீட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். முடி காணிக்கைக்குக் கோயிலில் கொடுத்த ரசீது. அவர் பேர் இருந்தது, ஊர் இருந்தது. தேதி அந்தத் திங்கட்கிழமைதான்.

நான் அடித்த அத்தனை மாகறலிலும் உண்மையான மாகறலை முதல்முதலாக அன்றுதான் பார்த்தேன். எழுந்து ஓடிப்போய் வக்கீலிடம் காட்டினேன். கேஸ் அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். வெற்றிலையை மென்று முடித்தார். "கேஸ் கட்டுல வெச்சிடு. கோர்ட்ல குடுக்க வேணாம்" என்றார்.

"ஏன் சார்? இதவிட வேற என்ன வேணும்?"

"இன்னிக்கு ஒருத்தனுக்குச் சீட்டு வெச்சா, நாளைக்கு வர்ற ஒவ்வொருத்தனையும் சீட்டு எங்கன்னு கேப்பாரு அந்த மனுசன். ஏற்கனவே மாகறல்னா மூஞ்சியச் சுளிக்கிறாரு. அப்புறம் நம்ம பொழப்பு இன்னா ஆவுறது? வழக்கமா அடிக்கிறத அடி. நம்ம தேங்காய்க்காரன் பாத்துக்குவான்."

அப்போது எனக்கு ஆத்திரம் வந்தது என்று எழுதினால் பொய். என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று வியந்தேன். சீட்டைக் குண்டூசியால் கேஸ் கட்டோடு சேர்த்துக் குத்திவிட்டு வழக்கமான வாக்கியத்தை அடித்தேன். முடி காணிக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வெளியே நின்றவரிடம், "எல்லாம் பார்த்துக்கலாம், போ" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாய்தா மேல் வாய்தா வாங்கி விசாரணை வருவதற்குள் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். கழனிக்குத் தண்ணீர் விடும் நாளாக இருந்தால் என்னிடம் வந்து, "சீக்கிரம் உட்டுடுவாங்களாம்மா? மதகு தொறந்தபடி கீது" என்று கேட்பார். ஜெயிலுக்குப் போவதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேஸ் முடியும் வரைதான் ஊர் அவரை விட்டுவைத்திருந்தது. தண்டனை ஆனால் மதகைத் திறக்கிற கம்பியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். திருடன் கையில் ஏரியைக் கொடுப்பார்களா? அதுதான் அவருக்குக் கவலை.

விசாரணையன்று, வழக்கமாகக் கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தாவுக்கு அம்மை போட்டிருந்தது. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வக்கீலுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்து, "உன் தரப்புல என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

"சாமி, நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல. மாகறல் போய் முடி குடுத்தேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் அசையவில்லை. தேங்காய்க்காரரைக் கூப்பிட்டார். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார்.

"இவர் எதுக்காகக் கோயிலுக்கு வந்தார்?" என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார்.

"காலு வலின்னு வேண்டிக்கினு வந்தாரு சார். குடும்பத்தோட வந்தாரு. என்னாண்ட ரெண்டு தேங்கா வாங்கினாரு. ராத்திரி அங்கயே தங்கிட்டாரு."

"ஒரு வருஷம் ஆச்சு. எப்படி ஞாபகம் இருக்கு?"

"மறக்குமா சார்? நல்லா எண்ணெ தடவி, நடு வகிடு எடுத்து, சோக்கா வாரியிருந்தாரு."

"காலையில கிளம்பிப் போகும்போது?"

"அப்பவும் அப்புடியேதான் சார். ஒரு முடி கலையல."

கோர்ட்டே சிரித்தது. இத்தனை வருஷம் ஒரே பாட்டைப் பாடிப் பழகிய அந்த வாய்க்குச் சொல்லிக் கொடுக்காததைச் சொல்லத் தெரியவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நீர்க்கட்டி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "அய்யோ சாமி, அன்னிக்கு நான் மொட்டைங்க! இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. கோயில் சீட்டு கீது சாமி. வக்கீல் சாமியாண்ட குடுத்துக்கீறேன்."

சிரிப்பு நின்றது. மாஜிஸ்திரேட் வக்கீலைப் பார்த்தார். "ரசீது இருக்கா?"

எங்கள் வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்படி எதுவும் எங்கிட்ட தரலைங்க" என்றார். சொல்லிவிட்டு ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

சீட்டு என் மடியில் இருந்தது. குண்டூசியின் தலை என் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டிருந்தது. எழுந்து நின்று 'இதோ இருக்கிறது' என்று சொல்ல வேண்டியதுதான். எழுந்திருக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை கோர்ட்டில் எழுந்து பேசலாமா, வேலை போய்விடுமே, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நூறு காரணம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்தது. தலையைக் குனிந்து கட்டின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அந்தப் பெண்ணை இன்று பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

தீர்ப்புக்கு ஒரு வாரம் தள்ளி நாள் போட்டார்கள். மறுநாள் வக்கீலிடம் கேட்டேன். அந்த மட்டுக்கு எனக்குத் தைரியம் இருந்தது.

"சார், சீட்டைக் குடுத்திருந்தா அவர் தப்பிச்சிருப்பாரே?"

"குடுத்திருந்தா தேங்காய்க்காரன் பொய்ச்சாட்சின்னு ஆயிருக்கும். அவன் மேல கேஸ் போட்டுடுவாங்க. இன்னும் எத்தினி கேஸுக்கு அவன் வரணும் தெரியுமா?" என்றார். கோபப்படவே இல்லை. கணக்கு வராத பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். சாட்சியைக் காப்பாற்றுவதற்காகக் கட்சிக்காரரை விட்டுவிட்டார். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு நாளில் குற்றம் நிரூபணமானதாகப் படித்தார்கள். அபராதம், கூடவே கோர்ட் கலையும் வரை காவல். அதாவது சாயங்காலம் மாஜிஸ்திரேட் எழுந்து போகும் வரை கோர்ட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சுவரோரமாகத் தரையில் குந்தினார். மத்தியானம் மனைவி தூக்குவாளியில் கொண்டுவந்த கூழை வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் அவர் தோளில் தட்டினார்.

"பாத்தியா, தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு. ஒரு ராத்திரிகூட உன்ன உள்ள போக வுடல."

"அப்போ நான் திருடலன்னு எழுதிட்டாங்களா சாமி?"

"உள்ள போகல இல்ல? அப்புறம் இன்னா?"

அவர் வக்கீலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வக்கீல் அதற்குள் அடுத்த கட்சிக்காரரோடு பேசிக்கொண்டு நடந்துவிட்டார். அந்தக் கேஸை அவர் ஜெயித்த கேஸ்களில் ஒன்றாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து நீர்க்கட்டி ஆபீஸுக்கு வந்தார். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வாசல்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "அந்தச் சீட்ட குடும்மா. ஊர்ல காட்டணும்" என்றார். கட்டைப் பிரித்துக் குண்டூசியை எடுத்துச் சீட்டைக் கொடுத்தேன். அது எங்கே இருக்கிறது என்று நான் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். சீட்டைப் பழைய பிளாஸ்டிக் காகிதத்திலேயே சுற்றிக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க அங்கதானம்மா குந்திக்கினு இருந்தீங்க?" என்றார்.

சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கட்டின் நாடாவை இறுக்கிக் கட்டினேன். பிறகு அவர், "ஊரு பக்கம் ரைஸ் மில்லு வேன் போவுது, அதுல ஏறிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் சீட்டைக் காட்டியிருக்கிறார். வாங்கிப் பார்த்தவர்கள், 'இது இருந்திச்சின்னா ஏன் கோர்ட்ல காட்டல?' என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். மதகுக் கம்பியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஏரி நிரம்பியதாகவும், புது ஆளுக்கு மதகு பிடிபடாமல் கடைமடை காய்ந்ததாகவும், இவர் கரைப்பக்கமே போகாமல் கல் உடைக்கும் வேலைக்குப் போய்விட்டதாகவும் மனைவியின் தம்பி சொன்னான். கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நான் உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. கல்யாணம் ஆகும் வரை, இன்னும் இரண்டு வருஷம், அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்று செய்தேன். அடுத்து ஓர் ஆடு திருடிய கேஸ் வந்தபோது பேப்பரை மிஷினில் மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"மாகறல்னு இனிமே அடிக்க மாட்டேன் சார்" என்றேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். என்னைப் பாராட்டுகிற மாதிரி தலையை ஆட்டினார்.

"நீ சொல்றதும் சரிதான்மா. அந்த ஊரு பேரு கெட்டுப்போச்சி. கூரம்னு போட்டுக்கோ. அங்கயும் பழைய கோயில் கீது."

கூரம் என்று அடித்தேன். மூன்று பிரதி.